வேங்கை அறுக்காத நாள்

தெரியும். பொங்கலுக்கு முன்னாலேயே தெரியும். லூர்து அக்கா கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். பொய்.

அக்கா அதைக் கேட்டபோது உங்களில் நாலைந்து பேர் பக்கத்தில்தான் நின்றீர்கள். அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து அண்ணனைக் கல்லறையில் வைத்துவிட்டுப் பாலக்கரை வீட்டுக்குத் திரும்பி, வாசலில் வைத்திருந்த அண்டாத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா உள்ளே போய் ஒரு பித்தளைப் பாலாடையை எடுத்துவந்தார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னப் பாத்திரம். அதை என் கையில் திணித்தார்.

“இது உங்க வீட்டுதுதானே. எடுத்துட்டுப் போ.”

“இருக்கட்டும்க்கா.”

“எடுத்துட்டுப் போன்னா எடுத்துட்டுப் போ. ஒண்ணு மட்டும் சொல்லு. தெனம் மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே மூக்கு கழுவுவீங்க. ரத்தம் வந்தது உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“சரி, சாப்பிட்டுட்டுப் போ” என்றார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வாடிக்காரர்கள் நீங்கள் சேர்ந்து நாலு பக்கத்தில் நினைவுமலர் ஒன்று அச்சடிக்கிறீர்களாம். ‘நீதான் காலேஜ் வரைக்கும் போனவன், அண்ணனைப் பத்தி ரெண்டு பக்கம் எழுது’ என்று காதர் பாய் கார்டு போட்டிருக்கிறார். திருச்சி மரக்கடைப் பகுதியில், மரம் அறுக்கிற எங்கள் மரவாடியில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவர். கையெழுத்தும் ரம்பப் பல் மாதிரியேதான் இருக்கிறது. காலேஜ் வரைக்கும் போனேன், உண்மை. இரண்டாம் வருஷம் பாதியில் திரும்பி வந்ததையும் பாய் அறிவார். நல்லதாக மட்டும் எழுது என்று அவர் போடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் போன செய்தி எனக்கு வையம்பட்டியில் வந்தது. நான் வாடியை விட்டு அங்கே ஒரு செங்கல் சூளையில் இருக்கிறேன். ஏன் விட்டேன் என்பது பின்னால் வரும். காலையில் டீக்கடையில் நின்றிருந்தேன். நம் வாடிப் பலகையை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போகிற லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி என்னைப் பார்த்து, “உங்க ரம்பக்காரரு போயிட்டாருப்பா, நேத்து சாயங்காலம்” என்றார். பிறகு தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். டீயைக் குடித்து முடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த ஊரில் அண்ணனைத் தெரிந்த ஆள் கிடையாது. என்னைத் தெரிந்த ஆளே இரண்டு பேர்தான். சூளை மேஸ்திரியிடம் போய், “திருச்சி போறேன், ஒருத்தரு செத்துட்டாரு” என்றேன். “சொந்தமா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காவேரியில் வெள்ளம் வந்து ஊரே மிதந்ததே, அதற்கு மறுவருஷம் நான் காலேஜை விட்டேன். காரணம் தலைவலி. புருவத்துக்கு நடுவில், கன்னத்துக்கு உள்ளே, பல் வரைக்கும் வலிக்கும். குனிந்து எழுதினால் தலைக்குள் யாரோ கல்லை உருட்டுவது மாதிரி இருக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. “பரீட்சை வந்தா மட்டும் வர தலைவலி” என்று அப்பா பெயரே வைத்துவிட்டார். மாமா வந்தால் அப்பா, “இவனுக்குத் தலை இருக்குன்னே அந்த வலி வந்துதான் தெரிஞ்சுது” என்பார். மாமா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள், ஆனால் நம்பவும் மாட்டாள். நான் ஒருநாள் ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மரக்கடைக்குப் போய் வேலை கேட்டேன்.

வாடியில் என் வேலை ரம்பத்துக்குப் பின்பக்கம் நிற்பது. முன்பக்கம் சவரிமுத்து அண்ணன் மரத்தைத் தள்ளுவார். அறுபட்டு வரும் பலகையை நான் இழுத்து அடுக்க வேண்டும். நாலாவது நாள் முடியவில்லை. மரத்தடி மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

“என்ன காலேஜு, தலையப் புடிச்சிட்டு உக்காந்துட்ட?”

“வலிக்குதுண்ணே.”

“எந்தப் பக்கம்?”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வருஷமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரும் எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை. பொய்யென்று நினைக்கிறவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள் அல்லவா. “எடது பக்கம்” என்றேன். “கன்னத்துல தட்டுனா பல்லு வலிக்குதா?” என்றார். வலித்தது. “சளி கட்டிருக்குடா உள்ள. போ, நல்ல டாக்டராப் பாரு. நான் மொதலாளிகிட்டச் சொல்லிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினைப் போட்டார். அவ்வளவுதான். அந்த ஆளுக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

தில்லை நகரில் ஒரு காது மூக்கு டாக்டரிடம் போனேன். இரண்டு தடவை ஊசி போட்டுக் குத்தி உள்ளே இருந்ததைக் கழுவி எடுத்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே, மண்டைக்குள் தேங்காய் உடைப்பது மாதிரி. மூன்றாவது தடவை நான் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடப் பார்த்தேன். டாக்டர் சிரித்துவிட்டு, “இனிமே நீயே கழுவிக்கோ” என்று சொல்லிக் கொடுத்தார். கொதிக்கவைத்து ஆறின தண்ணீர் ஒரு டம்ளர், வெதுவெதுப்பாக. அரை ஸ்பூன் உப்பு. “கண்ணீர் எவ்வளவு உப்பு கரிக்குமோ, அவ்வளவுதான் கரிக்கணும்” என்றார். தொட்டி மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல் துவாரத்தில் மெதுவாக ஊற்றினால் கீழ்த் துவாரத்தில் வந்துவிடும். பிறகு பக்கம் மாற்ற வேண்டும். முடித்ததும் குனிந்தபடியே மெல்லச் சிந்த வேண்டும், மூக்கை அழுத்திப் பிடித்துச் சிந்தினால் தண்ணீர் காதுக்குப் போகும். கடைசியாக, நான் வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டு ஒன்று சொன்னார். “ஒரே பக்கம் மட்டும் அடைச்சுக்கிட்டே இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ, கழுவிக்கிட்டு உக்காந்திருக்காத. ஓடி வந்துடு.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூக்கு கழுவ வீட்டில் தோதான பாத்திரம் இல்லை. பரணில் நான் குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டின பாலாடை கிடந்தது. அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பதினைந்து நாளில் கன்னத்தில் இருந்த கல் கரைந்துவிட்டது. அண்ணனுக்கும் வருஷக்கணக்கில் மூக்கடைப்பு. ரம்பத்துக்கு முன்னால் இருபது வருஷம் நின்றவர். துண்டைக் கட்டினாலும் தூள் போகிற இடத்துக்குப் போய்விடும். வாசனையே தெரியாது அவருக்கு. ஒருநாள் பாலாடையை வாடிக்குக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் செய்து காட்டினேன்.

அண்ணன் என் மூக்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். “ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுறவன ஊரெல்லாம் பாத்துருக்கேன். மூக்குல விடுறவன இப்பத்தான்டா பாக்குறேன்” என்றார். காதர் பாய், “யா அல்லா, இவனுக்குக் கொழாயைத் தலையிலயே வச்சுட்டியா?” என்றார். அண்ணன் பாலாடையைப் பிடுங்கிக்கொண்டு நேரே பம்ப் தண்ணீரைப் பிடித்தார். “உப்புண்ணே, உப்பு” என்று நான் கத்துவதற்குள் ஊற்றிவிட்டார். அடுத்த நிமிஷம் வாடியைச் சுற்றி இரண்டு தடவை ஓடினார். கண்ணெல்லாம் சிவந்து, “கொலகாரா, கொலகாரா” என்றார். உப்பில்லாத தண்ணீர் அப்படித்தான் எரியும், அதுவும் பச்சைத் தண்ணீரை மூக்குக்குள் விடவே கூடாது என்று நான் விளக்கினேன். மறுநாள் காலையில் டீக்கடையில் ஒரு கெட்டில் வெந்நீர் சொல்லிவைத்தவர் அவர்தான். மத்தியானத்துக்குள் அது ஆறிவிடும். அன்றைக்கு ஒழுங்காகச் செய்தார். ஒரு வெள்ளை எனாமல் பேசினை வைத்துக் குனிந்தார். மறு துவாரத்தில் பழுப்பாகக் கொட்டியது.

“தேக்குடா!” என்றார். “காலையில அறுத்த தேக்கு!”

அப்படித்தான் அந்த விளையாட்டு வந்தது. நீங்கள் எல்லோரும் அதில் இருந்தீர்கள். தேக்கு அறுத்த நாள் பழுப்பு. பலா அறுத்தால் மஞ்சள். வேங்கை அறுத்தால் சிவப்பு. வேங்கைத் தூளில் தண்ணீர் பட்டால் சாயம் மாதிரி இறங்கும் என்பது வாடிக்காரனுக்குத்தான் தெரியும். முதல் தடவை அந்தச் சிவப்பைப் பார்த்து நான் பயந்து எழுந்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “பயந்தாங்கொள்ளி. மரத்தோட ரத்தம்டா அது. நம்மளுது இல்ல.” அதற்குப் பிறகு வாடிக்கு யாராவது புது வியாபாரி வந்தால் பேசினைக் காட்டி, “மூக்கப் பாத்தே என்ன மரம் இருக்குன்னு சொல்லிருவோங்க, கடைக்குள்ள வரவே வேண்டாம்” என்பார்.

இரண்டு மாதத்தில் அவருக்கு வாசனை திரும்பியது. அது எனக்கு முதலில் தெரியாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வாடியே லாரியில் ஏறி முக்கொம்புக்குப் போனோமே, அன்றைக்குத் தெரிந்தது. எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் மதகுப் பக்கம் தனியாகப் போய் நின்றார். நான் கூப்பிடப் போனேன். “இருடா” என்றார். “ஆத்துத் தண்ணிக்கு வாசன இருக்குடா காலேஜு. ஈர மண்ணு, பாசி... மறந்தே போயிருந்தேன்.” லூர்து அக்கா வைத்த மீன் குழம்பைப் பிரித்ததும் முகர்ந்துவிட்டு, “இத்தினி வருஷமா இதையா போட்ட?” என்றார். அக்கா, “மூக்கு வந்ததும் வாயும் வந்துருச்சு பாரு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு, “நல்லா இருப்ப தம்பி” என்றார். வீட்டில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லி ஞாபகம் இல்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்லி ஒரு ஆள் கேட்டு, அது பலித்தது, என் வாழ்க்கையில் அந்த உப்புத் தண்ணீர் ஒன்றுதான். பாலாடையை அவருக்கே கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு அலுமினிய டம்ளரை நசுக்கி மூக்கு வைத்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்குப் பத்து நாள் முந்தி. வாடியில் இரண்டு நாளாகப் பலா மட்டும்தான் ஓடியது. அண்ணனின் புருவம், கை மயிர், சட்டை எல்லாம் மஞ்சள். மத்தியானம் பேசின் மேல் குனிந்தார். இடது பக்கம் மஞ்சளாக வந்தது. வலது பக்கம் சிவப்பாக வந்தது.

“இன்னிக்கு வேங்கை அறுக்கலையேண்ணே” என்றேன்.

அவர் பேசினைப் பார்த்தார். “போன வாரம் அறுத்தோம்ல. உள்ள எங்கயாவது தங்கிருக்கும்” என்றார்.

“ஒரு வாரமாவா?”

“டேய், இருபது வருசத்துத் தூளு இருக்குடா உள்ள. ஒவ்வொண்ணா வரும். கணக்கு கேக்குறான் பாரு.”

நானும் சிரித்தேன். நிம்மதியாக இருந்தது. டாக்டர் வாசலில் கூப்பிட்டுச் சொன்னது அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. நிஜமாகவே வந்தது. அதை நான் அண்ணனிடம் ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை. எவ்வளவு உப்பு, எந்தச் சூடு, எப்படிக் குனிவது எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் அதை மட்டும் விட்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் உப்புத் தண்ணீர் பொய்யாகிவிடும் என்று பட்டது. அதன் பிறகு நானும் பழையபடி யாரும் நம்பாத ஆளாகிவிடுவேன் என்று பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அதுதான்.

அடுத்த வாரம் மறுபடி வந்தது. அப்புறம் அடிக்கடி. வலது பக்கம் தண்ணீர் போவதே கஷ்டமாகிவிட்டது. அவர், “இன்னும் ரெண்டு தடவ கழுவுனா தொறந்துரும்” என்பார். நான், “ஆமாண்ணே” என்பேன். உங்களில் யாரும் பேசினைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் அவர் தலையை நிமிர்த்துவதற்கு முன்னால் நான் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டிவிடுவேன். “என்னடா இவ்வளவு மரியாதை” என்று ஒருநாள் கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மூன்று மாதம் மூக்கு கழுவினோம்.

ஈஸ்டருக்கு முந்தி, தவக்காலத்தில் அவர் வலது கன்னம் வீங்கியது. கண் கொஞ்சம் வெளியே தள்ளின மாதிரி இருந்தது. அப்போதுதான் லூர்து அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தில்லை நகர் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அண்ணனை உட்காரவைத்து முதலில் கேட்டது, “எந்தப் பக்கம்?” என்றுதான். மூன்று மாதத்தில் நான் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.

உள்ளே கட்டி. பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து மெட்ராஸ். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது. தில்லை நகர் போய்வந்த மறுநாள் நான் தனியாக அந்த டாக்டரிடம் போனேன். வரிசையில் நின்று, உள்ளே போய், “உப்புத் தண்ணியால வந்ததா?” என்று கேட்டேன். “அதால வராது. அது கழுவும், அவ்வளவுதான். கட்டியக் கரைக்காது” என்றார். “மூணு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா?” என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “முன்னாடி வந்திருந்தா முன்னாடி பாத்திருப்பேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலப்பா” என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒருநாள் ஒரு பக்கம் சாய்கிறது, ஒருநாள் மறுபக்கம்.

அவர் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்து வீட்டில் கிடந்த நாற்பது நாளில் நான் ஒரு தடவைதான் போனேன். முகத்தில் பாதிக்குக் கட்டு. பேச்சு குழறியது. என்னைப் பார்த்ததும், “காலேஜு” என்றார். பிறகு, “தண்ணி வச்சிருக்கியா?” என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்துச் செம்பை எடுத்தேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பாலாடையைக் காட்டினார். ஜன்னலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. “இனிமே கழுவக் கூடாதுண்ணே, டாக்டர் சொல்லிருக்காரு” என்றேன். “நான் இல்லடா. நீ” என்றார். “நீ கழுவறியா? விட்றாத. ஒனக்கு நல்லாருச்சில்ல.” நான் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்த வாரமே வாடியை விட்டு வையம்பட்டிக்குப் போய்விட்டேன். காதர் பாய் காரணம் கேட்டதற்கு ரம்பச் சத்தம் பிடிக்கவில்லை என்றேன். அதுவும் பொய்.

இங்கே சூளைத் தூசியும் மூக்குக்குள்தான் போகிறது. தினமும் கழுவுகிறேன். தனியாகத்தான். செங்கல் தூளும் சிவப்புதான், பாருங்கள். ஒவ்வொரு நாளும் பேசினை வெயிலில் வைத்து அடியில் மண் தங்குகிறதா என்று பார்க்கிறேன். தங்கினால் அது தூள். யாரிடமும் காட்டிச் சிரிக்க முடியாது. இங்கே யாருக்கும் அந்த விளையாட்டுத் தெரியாது.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பாலாடை இல்லை. அது எங்கள் வீட்டுப் பாத்திரம். நான் வைத்துக்கொண்டது அவர் கேட்ட அந்தக் கேள்வி. போன வாரம் மேஸ்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்துகொண்டே, “எந்தப் பக்கம்ணே?” என்று கேட்டேன். இரண்டு பக்கமும் என்றார். வெயில்தான். இருந்தாலும் டாக்டர் விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன், கடைசி வாக்கியத்தோடு சேர்த்து.

காதர் பாய், இதை அச்சுக்குக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் லூர்து அக்கா இதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நான்தான் நேரில் நின்று சொல்ல வேண்டும், பேசினைக் கொட்டினதையும் சேர்த்து. அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பாலாடை சட்டைப் பையில் இருக்கிறது. திருச்சி பஸ் திரும்புகிற சத்தம் கேட்கிறது, நான் போக வேண்டும்.